அப்பாவின் கூரைக் கொப்பி



மலையக இலக்கியம் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அப்படிக் கேட்டால் சி.வி. வேலுப்பிள்ளையில் தொடங்கி, என்.எஸ்.எம். இராமையா, தெளிவத்தை ஜோசப் என்று வரிசையாக வருவதுதான் வழக்கம். அந்த வரிசை உங்களுக்குத் தெரிந்ததே. நான் இன்று எடுத்துக்கொள்வது அச்சேறாத ஒரு நூலை. நூல் என்று சொல்லவே கொஞ்சம் துணிச்சல் வேண்டும். நான்கு சீ.ஆர். கொப்பிகள். இரண்டின் மட்டையைக் கறையான் தின்றுவிட்டது. எழுதியவர் என் அப்பா. இறப்பர்க் காட்டில் பால் வெட்டியவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் லயங்களுக்கென்று இருந்த கமிட்டிக்கு ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் அவர்தான் செயலாளர். அந்தக் கமிட்டியில் யாருக்கும் எழுத வராது என்பதே அவருடைய தகுதி.

ஊர் கேகாலை மாவட்டம். யட்டியாந்தோட்டைப் பக்கம். தோட்டத்தின் பெயர் இந்தப் பேச்சுக்கு அவசியமில்லை. கேகாலை என்றதும் "அங்கேயும் நம்மாட்கள் இருக்கிறார்களா?" என்று கொழும்பில் மட்டுமல்ல, ஹட்டனிலும் கேட்கிறார்கள். இருக்கிறார்கள். யட்டியாந்தோட்டை, தெரணியகலை, புளத்கொஹுபிட்டிய, ருவன்வெல்ல, அரநாயக்க என்று சிங்களக் கிராமங்களுக்கு இடையிலே சிதறிக் கிடக்கிறோம். நுவரெலியா மாதிரி மலையெல்லாம் தேயிலை அல்ல. பாதிக்கு மேல் இறப்பர், மிச்சம் தாழ்நிலத் தேயிலை. என்.எம். பெரேரா 1936 ஆம் ஆண்டு ருவன்வெல்லத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனவர். அதற்கு முன் 1934, 35 ஆம் ஆண்டுகளின் மலேரியாவில் இந்தப் பகுதிக்குள் மருந்தோடு நடந்த இளைஞர்களில் அவரும் ஒருவர். அந்தக் கதையை எங்கள் லயத்துப் பெரியவர்கள் நேற்று நடந்தது போலச் சொல்வார்கள்.

லயம் எப்படி இருக்கும் என்று நேயர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்களுடையது இரட்டை லயம். முதுகோடு முதுகு ஒட்டிய காம்பராக்கள், இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் எட்டு. ஒரு காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு. இடைச்சுவர் கூரை வரைக்கும் எழும்பாது. ஒரு வீட்டுக் குழந்தை இருமினால் ஏழு வீட்டுக்குக் கேட்கும். மேலே பதினாறு காம்பராவுக்கும் சேர்த்து ஒரே தகரக் கூரை.

அந்த ஒரே கூரைதான் அப்பாவின் கொப்பிக்குக் காரணம். கூரை பொதுவாக இருந்தால் ஒழுக்கும் பொதுவாகத்தான் இருக்கும். என் காம்பராவுக்கு மேலே ஓட்டை என்று நான் ஏறித் தார் பூசினால், தண்ணீர் தகரத்தின் நெளிவு வழியே ஓடி அடுத்த வீட்டு அடுப்பில் விழும். பிறகு சண்டை. இந்தச் சண்டைகளைத் தீர்க்கத்தான் அப்பா 1969 ஆம் ஆண்டு கூரைக்குக் கணக்கு எழுதத் தொடங்கினார். தகரங்களுக்கு இலக்கம் கொடுத்தார். கிழக்குச் சரிவு ஒன்றிலிருந்து, மேற்குச் சரிவு ஒன்றிலிருந்து. எந்தத் தகரம், எந்தத் தேதி, எத்தனை ஓட்டை, யார் ஏறியது, தார் யார் கொடுத்தது என்று கட்டம் போட்டு எழுதினார்.

இறப்பர்க் காட்டில் மழை என்றால் இரட்டை நட்டம் என்பதையும் இவ்விடத்தில் சொல்ல வேண்டும். விடியுமுன்னே மரத்தைக் கீறிச் சிரட்டை வைப்பார்கள். பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது. வெட்டிய பிறகு மழை வந்தால் பால் கழுவுண்டு போகும். ஆகவே மழை நாளில் பேரில்லை, சம்பளமில்லை. சம்பளமில்லாத அதே நாளில்தான் வீடும் ஒழுகும். தார் வாங்கக் காசில்லாத நாளில்தான் தார் தேவைப்படும். அப்பாவின் கட்டங்களில் மே, ஜூன் மாதங்களில் ஓட்டைகளின் எண்ணிக்கை ஏறும். "தார்" என்ற இடம் வெறுமையாக இருக்கும். ஒகஸ்ட் மாதத்தில் தார் வரும்.

நான் ஆசிரிய கலாசாலையில் படித்த காலத்தில் ஒரு சிறுகதை எழுதினேன். ஒழுகும் லயம், நனையும் குழந்தை, வானத்தைப் பார்க்கும் தாய். வார இதழ் ஒன்றில் வந்தது. பெருமையோடு கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார். வாசித்து முடித்து, "எத்தனாம் தகரம்பா அது?" என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் தணிய இருபது வருஷம் ஆயிற்று. சி.வி. தம் நாவலுக்கு 'வீடற்றவன்' என்று பெயர் வைத்தார். அந்த ஒரு சொல்லில் ஒரு சமூகத்தின் கதை முழுவதும் அடங்கிவிடுகிறது. பின்னால் வந்த எங்களில் பலர், ஒழுகும் கூரையை இரக்கம் வரவழைக்கும் திரைச்சீலையாகத் தொங்கவிட்டோம். அந்தக் கூரைக்கு ஏணி வைத்து ஏறியவனைப் பற்றி எழுதியது குறைவு என்பதே என் அபிப்பிராயம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் மன்னிக்க வேண்டும்.

கொப்பியில் கூரை மட்டும் இல்லை. பீலி உடைந்தது, கான் அடைத்தது, கக்கூஸ் கதவு, திருவிழா வரி, பிள்ளைக் காம்பராவுக்குப் புதுத் தொட்டில், யார் வீட்டு ஆடு யார் தோட்டத்தை மேய்ந்தது, எல்லாம் இருக்கிறது. சில பக்கங்களில் காம்பரா இலக்கத்துக்கு எதிரே "இந்தியா" என்று ஒரே சொல். 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு என்றும் 300,000 பேர் இலங்கைக்கு என்றும் பிரித்தார்கள் அல்லவா, அதன் கூட்டல் கழித்தல் எங்கள் லயத்தில் இந்தச் சொல்லாக வந்திறங்கியது. நான்காம் காம்பரா, ஏழாம் காம்பரா, பதினொன்று. அவர்கள் தலைமன்னாருக்கு ரயில் ஏறிய பிறகும் கூரை வரியில் அவர்களுடைய பாக்கியை அப்பா வெட்டவில்லை. ஏழாம் காம்பராவுக்கு இன்றைக்கும் மூன்று ரூபா நாற்பது சதம் பாக்கி நிற்கிறது.

1974 ஆம் ஆண்டுக்கு மொத்தம் ஒரு பக்கந்தான். பஞ்ச காலம். மாவும் அரிசியும் கிடைக்காமல் தோட்டங்களில் ஆட்கள் செத்த வருஷம். ஒவ்வொரு மாதத்துக்கும் எதிரே "கூட்டம் இல்லை" என்று எழுதியிருக்கிறார். 1977, 1981, 1983 ஆகிய வருஷங்களிலும் சில மாதங்கள் இப்படியே இருக்கின்றன. அப்போதெல்லாம் நாங்கள் லயத்தில் இல்லை. பக்கத்துக் கிராமத்தில் ஒரு சிங்களக் குடும்பத்தாரின் பாக்குக் கொட்டிலில் இருந்தோம். திரும்பி வந்த வாரத்தில் மீண்டும் தகரக் கணக்கு தொடங்குகிறது.

அப்பாவின் கொப்பியை ஒரு சரித்திர நூலாகவும் வாசிக்கலாம். எப்படியென்றால், கூரையைத் திருத்தித் தாருங்கள் என்று அவர் யாருக்குக் கடிதம் எழுதினார் என்பதைப் பார்த்தால் போதும். தொடக்கத்தில் "கனம் பெரிய துரை அவர்களுக்கு". 1972 இல் காணிச் சீர்திருத்தம் வந்து, 1975 இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையான பிறகு "அத்தியட்சகர் அவர்களுக்கு", பிரதி கூட்டுத்தாபனத்துக்கு. 1992 இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளிடம் போனது. பல தோட்டங்களில் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாயின. கூரை மாற்றக் கடன் கொடுத்துச் சம்பளத்தில் கழித்தார்கள். அப்பா கடனில் பன்னிரண்டு தகரம் மாற்றினார். ஆனால் காம்பரா யாருடையது என்பது மாறவில்லை. நிலம் அரசாங்கத்தினது, குத்தகை கம்பனியுடையது, ஒழுக்கு மட்டும் எங்களுடையது.

பிரதேச சபைக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். வீதி, கான், குப்பை என்றால் மற்ற ஊர்களில் அங்கேதான் போவார்கள். நாங்கள் வாக்களித்தோம், எங்கள் வாக்கில் உறுப்பினர்கள் தெரிவானார்கள். ஆனால் 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆவது பிரிவு குறுக்கே நின்றது. தோட்டத்துக்குள் சபையின் பணத்தைச் செலவழிக்க வழியில்லை என்பதே அதற்குச் சொல்லப்பட்ட பொருள். அந்தப் பிரிவு திருத்தப்பட்டது 2018 இல். இடையில் முப்பத்தொரு மழைக்காலங்கள்.

இனி அந்தக் கானைப் பற்றிச் சொல்ல வேண்டும். லயத்துக்கு மேலே மேட்டில் ஒரு கான் ஓடியது. மலையிலிருந்து இறங்கும் தண்ணீரை லயத்துக்கு முதுகுப் புறமாக வாங்கி ஓடையில் கொண்டுபோய் விடுவதற்காக வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டியது. வருஷத்துக்கு இரண்டு முறை மண் அள்ள வேண்டும். முன்பெல்லாம் அதற்குத் தோட்டமே பேர் போட்டு ஆள் விடும். பிறகு அது குறைந்தது, பிறகு நின்றது. மரங்களை வெட்டிப் புதுக் கன்று நட்டபோது வந்த மண் கானை நிரப்பிவிட்டது. 

தொங்கல் காம்பராவில் ஓர் அப்பாயி இருந்தார். அவரை எல்லோரும் தொங்கல் காம்பரா அப்பாயி என்றே சொல்வோம். புகார் சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பீலித் தண்ணீர் ருசி மாறிவிட்டது என்பார். சுவர் இரவில் பேசுகிறது என்பார். கதவு போன மாதம் சாத்தியது இந்த மாதம் சாத்தவில்லை என்பார். கூட்டத்தில் அவர் எழும்பினால் இளைஞர்கள் சிரிப்பார்கள். அப்பாவும் சிரித்திருக்கிறார். ஆனால் எழுதாமல் விட்டதில்லை. "தொங்கல் காம்பரா, மீண்டும் புகார்" என்ற வரி மூன்றாம் கொப்பியிலும் நான்காம் கொப்பியிலும் இருபத்து மூன்று இடங்களில் வருகிறது. எண்ணிப் பார்த்தேன். முதல் பன்னிரண்டு புகார்களுக்கும் பக்கத்திலே "கடிதம் எழுதப்பட்டது" என்ற குறிப்பும் தேதியும் உண்டு. 2014 ஜூலையில் கதவு சாத்தாத புகார். அதன் பக்கத்திலே "எழுதிப் பயனில்லை" என்று இருக்கிறது. அதன் பிறகு பத்துப் புகார்களுக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

நேயர்களே, மண் நகரும்போது முதலில் சொல்வது கதவும் தண்ணீருந்தான். நிலை கோணும், கதவு இறுகும். சுவரில் வெடிப்பு வரும். மரமும் மின்கம்பமும் சாயும். காய்ந்த இடத்தில் ஊற்று பிறக்கும். ஓடிய ஊற்று கலங்கும் அல்லது திடீரென நிற்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் இதையெல்லாம் துண்டுப் பிரசுரத்தில் படம் போட்டுச் சொல்கிறார்கள். இருபத்து நான்கு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் கவனமாக இரு, 100 ஆனால் ஆயத்தமாகு, 150 ஆனால் வெளியேறு என்பது அவர்களுடைய கணக்கு. அப்பாயிக்கு மில்லிமீற்றர் தெரியாது. அவருக்குத் தெரிந்தது கதவு.

2016 மே மாதம் 17 ஆம் திகதி செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்திய நாட்களிலிருந்தே விடாத மழை. நான் கேகாலை நகரத்தில் இருந்தேன். பாதை மூடிவிட்டது, போக முடியவில்லை. நடந்ததைத் தங்கை சொல்லித்தான் தெரியும். அன்று பின்நேரம் அப்பாயி குடத்தோடு பீலிக்குப் போயிருக்கிறார். தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்தில் வந்ததாம். குடத்தைக் கழுவித் திரும்பி வைப்பதற்குள் நின்றே போய்விட்டதாம். அத்தனை மழையில் பீலி நின்றதை அவர் தம் வாழ்நாளில் கண்டதில்லை. வெற்றுக் குடத்தோடு நேரே எங்கள் இஸ்தோப்புக்கு வந்து, "செயலாளரே, இது இருபத்து மூணாவது. எழுதுறியா, எந்திரிக்கிறியா?" என்று கேட்டாராம். எண்ணிக்கை அவருக்கும் தெரிந்திருந்தது.

அப்பாவுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. எழும்பினார். லயம் முழுக்கக் கதவு கதவாகத் தட்டினார்கள். எல்லோரும் உடனே வந்தார்கள் என்று சொன்னால் பொய்யாகிவிடும். உலையில் அரிசி இருக்கிறது என்றார்கள். தொலைக்காட்சிப் பெட்டியை விட்டுவிட்டு எப்படி என்றார்கள். ஒருவர் ஆடுகளை அவிழ்க்கப் போய் அரை மணித்தியாலம் வரவில்லை. "இந்தக் கிழவி சொல்றதுக்கெல்லாம் ஓடினா..." என்று ஒருவர் தொடங்கியபோது, அப்பா அவர் கையைப் பிடித்து இழுத்தாராம். அப்பா யார் மேலும் கை வைத்து நாங்கள் பார்த்ததில்லை. இருட்டுவதற்குள் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள்.

அன்றுதான் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே என்னும் கிராமங்களை மூடியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் போனார்கள். அதே நாள் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயத்தின் மேல் மண் விழுந்தது. அங்கே போனவர்கள் எங்களைப் போன்றவர்கள். எங்கள் லயத்தில் அங்கே சொந்தம் உள்ளவர்கள் உண்டு. எங்களுடையது இரவில் வந்தது. மேட்டுக் கான் இருந்த இடத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து, கக்கூஸ் வரிசையையும் தொங்கலில் இரண்டு காம்பராவையும் எடுத்துக்கொண்டு போனது. காம்பராக்களில் ஆளில்லை.

நான்காம் கொப்பியில் அந்தத் தேதிக்கு அப்பா எழுதியிருப்பது: தொங்கல் காம்பரா புகார் சரி. கிழக்குச் சரிவு 1 முதல் 9 வரை தகரம் இல்லை.

அவ்வளவுதான். ஆனால் கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினால், 2014 ஜூலைப் பக்கத்தில் "எழுதிப் பயனில்லை" என்ற வரியை வேறு பேனாவால் வெட்டியிருக்கிறார். எப்போது வெட்டினார் என்று தெரியவில்லை. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒருநாளும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு நெடுநாள் கூடாரம், பாடசாலை மண்டபம், தற்காலிகக் கொட்டில். அதன்பின் தனி வீடு வந்தது. ஏழு பேர்ச் காணியில், 550 சதுர அடி வீடு. காம்பராவின் 120 சதுர அடியோடு ஒப்பிட்டால் நாலரை மடங்கு. தனிச் சுவர், தனிக் கூரை, தனிக் கக்கூஸ். அப்பா புது வீட்டில் முதல் நாள் இரவு தூங்கவில்லையாம். பக்கத்து வீட்டு இருமல் கேட்கவில்லை என்றாராம். உறுதிப் பத்திரம் பின்னால் வரும் என்றார்கள், பின்னால்தான் இருக்கிறது. அப்பாயி 2019 இலும் அப்பா 2020 இலும் இறந்தார்கள். இருவருக்கும் அந்தந்த முற்றத்திலேயே பந்தல் போட இடம் இருந்தது. லயத்தில் சாவு விழுந்தால் பாடையை இஸ்தோப்பில் திருப்ப முடியாது. அடுத்த வீட்டு இஸ்தோப்பையும் கேட்க வேண்டும்.

இப்போது புதுக் குடியிருப்புக் கமிட்டிக்குத் தங்கையின் மகள் செயலாளர். உயர்தரம் படித்தவள். ஐந்தாம் கொப்பி அவளுடையது. தாத்தா போலவே கட்டம் போடுகிறாள். ஆனால் விஷயம் தலைகீழாகிவிட்டது. அன்றைக்குக் கூரை பொது; ஆகவே எல்லோரும் கூரைக்குச் சண்டை போட்டார்கள். இன்றைக்குக் கூரை அவரவருடையது. ஒழுக்கு பற்றி ஒரு வரிகூட இல்லை. அவள் பக்கங்களை நிரப்புவது தண்ணீர்த் தாங்கியின் மோட்டார்க் கட்டணம், தெரு விளக்கு, மதில் ஓர் அடி தள்ளிக் கட்டப்பட்டது, திருவிழாவில் ஒலிபெருக்கி, இவற்றோடு மறுபடியும் ஒரு கான்.

வீடுகளுக்கு மேலே ஒரு கான் வெட்டியிருக்கிறார்கள். சீமெந்துக் கான், நல்ல வேலைதான். ஆனால் இரண்டு காணிகளுக்கு நடுவில் அது திரும்பும் இடத்தில் வாழைச் சருகும் மண்ணும் அடைக்கிறது. என் ஏழு பேர்ச் இந்தக் கல்லோடு முடிகிறது என்கிறார் ஒருவர். என்னுடையது அந்தக் கல்லில் தொடங்குகிறது என்கிறார் மற்றவர். இரண்டு கல்லுக்கும் இடையிலே உள்ள நான்கடி யாருடையது என்பது தெரியாது. ஒரு காரியாலயத்தில் கேட்டதற்கு, குடியிருப்பு இன்னும் முறைப்படி கையளிக்கப்படவில்லை என்றார்களாம். சட்டம் திருந்திய பிறகும் ஒரு கையளிப்புத் தேவைப்படுகிறது. அந்த இரண்டு வீட்டுக்காரரும் பழைய லயத்தில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தவர்கள். ஒருவர் அடுப்பு நெருப்பை மற்றவர் கொள்ளியில் எடுத்துக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன்.

மருமகளிடம் தொலைபேசியில் கேட்டேன். "கடிதம் எழுதினாயா?" என்றேன். "பதினொரு கடிதம் எழுதியாச்சு மாமா. பன்னிரண்டாவதும் எழுதுவேன். ஆனா மழை வர்றதுக்கு முன்னால நாமளே அள்ளிடுவோம்" என்றாள். வருகிற போயா தினத்தில் சிரமதானம். வீட்டுக்கு ஓர் ஆள். கொப்பியில் பெயர் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருகிறாள். அந்த இரண்டு வீட்டாரும் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. அவர்களுக்காக இரண்டு கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறாள். கடைசிக் கட்டத்தில் என் பெயர் இருக்கிறது. நான் அந்தக் குடியிருப்பில் இல்லையே என்றேன். "தாத்தா பேர்ல நீங்க" என்றாள். மண்வெட்டி மட்டும் நானே கொண்டுபோக வேண்டுமாம்.